டிராக்டர் கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுகுதல்: காரணமும் பரிகாரமும்

உழவு மாடுகளை வைத்துச் சாகுபடி செய்தவர்கள் காலையில் தொழுவத்துக்குட் சென்றதும், மாடு படுத்திருந்த தரையையே முதலிற் பார்ப்பார்கள். சாணமும் மூத்திரமும் இருக்கிற விதத்தைக்கொண்டே அன்றைக்கு மாடு ஏருக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார்கள். டிராக்டர் வைத்திருப்பவர்களும் இவ்வழக்கத்தைக் கைவிடலாகாது. வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தவுடன் அது நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தல் வேண்டும். அங்கே எண்ணெய்க் கறை காணப்படின், யந்திரம் தன் குறையைத் தரையில் எழுதிக் காட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அவ்வெழுத்தை வாசிக்கும் முறையையும், குறையைத் தீர்க்கும் முறையையும் இங்கே விவரிப்போம்.

ஒழுக்கைக் கண்டவர்கள் சாதாரணமாக இரண்டிலொன்று செய்கிறார்கள். சிலர் குறைந்த அளவுக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே காலங் கடத்துகிறார்கள். மற்றுஞ் சிலர் துளி விழுகிற இடத்துக்கு அண்மையிலுள்ள ஆயில் சீலை மாற்றிவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நிம்மதியடைகிறார்கள். முதலாவது முறையின் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. பத்து விநாடிக்கு ஒரு துளி வீதம் விழுமானால் நாளொன்றுக்கு 8,640 துளிகளாகும். 25 துளி சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளைக்கு ஏறக்குறைய 345 மில்லிலிட்டரும், மாதத்துக்குப் பத்து லிட்டருக்கு மேலும் மண்ணில் போய்விடும். அளவு குறைந்த எண்ணெயில் ஓடிப் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் தேய்ந்து போவது இதனினும் பெரிய நஷ்டம். இரண்டாவது முறையின் குற்றம் வேறு. துளி விழுகிற இடமும் ஒழுக்கு உண்டாகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இரா. எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, கூட்டின் மேல் வழிந்து, ஓட்டத்தில் அடிக்கும் காற்றினாற் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தாழ்ந்த ஒரு போல்ட்டின் தலையிலே திரண்டு சொட்டுகிறது. அந்தப் போல்ட்டை இறுக்குவதாலும் அதன் அருகிலிருக்கும் சீலை மாற்றுவதாலும் யாது பயன்?

டிராக்டரின் எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச் கூடு, அதற்குப் பின் கியர் பெட்டி, அதற்கும் பின் டிபரன்ஷியலும் இருபுறத்து ஆக்சில் கூடுகளும் போல்ட்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு வண்டியின் முதுகெலும்பாய் அமைந்திருக்கின்றன. லாரிக்குள்ளது போன்ற தனிச் சட்டம் பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் பலவற்றில் இதே கூட்டினுள் அடங்கி, கியர்களை நனைக்கும் எண்ணெயையே தானும் உபயோகிக்கின்றது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட பெர்குசன் டி.ஈ.20 டிராக்டரில் இவ்வமைப்பைக் காணலாம். அந்தப் பரம்பரையில் வந்த மாசி பெர்குசன் வண்டிகளை நம் நாட்டிற் செய்வதற்காகவே 1960 இல் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரே எண்ணெய் இரண்டு வேலைகளைச் செய்வதால், எந்த மூலையில் ஒழுகினாலும் இரண்டுக்கும் கேடு. எண்ணெய் மட்டம் தாழும்போது ஹைட்ராலிக் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். கலப்பை விட்டுவிட்டுத் தூக்குவதும், பம்பு இரைவதும் அதன் அடையாளங்கள். தரையில் கறையே இல்லாமல் இவ்வடையாளங்கள் தோன்றினால் அலட்சியம் செய்யலாகாது. வெளியே தெரியாமல் எண்ணெய் போகும் வழிகளும் உண்டு. அவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் ஒழுகுவது எந்த எண்ணெய் என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இரவில் வண்டியை நிறுத்துமிடத்தில் அதன் அடிவயிற்றின் நீளத்துக்கு வெள்ளை அட்டையையோ பழைய வேட்டியையோ விரித்து வைத்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் நின்ற இடங்களை அதில் குறித்துக்கொண்டால், காலையில் துளியின் நிறமும் அது எந்தப் பாகத்தின் கீழ் விழுந்தது என்பதும் ஒருங்கே விளங்கும். டீசல் எஞ்சின் எண்ணெய் சில நாள் ஓட்டத்திலேயே கறுத்துவிடுவது. கியர் எண்ணெய் தேன் நிறமாயும் தடித்ததாயும் இருக்கும். மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட வகைகளுக்குக் கந்தக நெடியும் உண்டு. டீசல் மெல்லியது, அதன் வாசனையை யாருக்கும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ரேடியேட்டரின் குளிர்விக்கும் நீர் பச்சையாகவோ வேறு சாயமாகவோ இருந்து, விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டாமற் கழுவுண்டு போகும்.

துளி சிவப்பாயிருப்பின் அது பவர் ஸ்டியரிங்கிலிருந்து வருவதாகலாம். சில டிராக்டர்களின் ஸ்டியரிங்கில், தானாகக் கியர் மாறும் மோட்டார் கார்களுக்கென்று ஏற்பட்ட திரவத்தையே ஊற்றுகிறார்கள். அமெரிக்காவில் 1940 ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர் பெட்டி வந்தது. 1949 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதற்குரிய திரவத்தை டைப் ஏ என்று நிர்ணயம் செய்தது. இவ்வகைத் திரவத்திற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது, ஒழுகும்போது மற்ற எண்ணெய்களினின்றும் பிரித்தறிவதற்காகவே. குறையைக் கண்டுபிடிக்கும் உபாயத்தை எண்ணெயிலேயே கலந்து அனுப்பியவர்களின் யுக்தி மெச்சத்தக்கது. எனினும் நாட்பட்டு வெந்த திரவம் பழுப்பாய்விடும். ஆதலால் நிறத்தை மாத்திரம் நம்பாமல், எந்தப் பாத்திரத்தில் அளவு குறைந்திருக்கிறது என்பதையும் டிப் ஸ்டிக்கால் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெய் இன்னதென்று தெரிந்தபின் இடத்தைத் தேடவேண்டும். மண்ணும் வைக்கோலும் எண்ணெயும் கலந்து களிம்பேறிய கூட்டில் எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் ஒன்றும் தெரியாது. சந்தேகமான பாகத்தை மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு கழுவி, பிறகு சோப்பு நீர் விட்டு அலம்பி, துணியால் துடைத்து நன்றாய்க் காயவிட வேண்டும். எஞ்சின் ஆறியபின்பே இதைச் செய்தல் வேண்டும். காய்ந்த கூட்டின் மேல் சாக்குக்கட்டித் தூளையோ சலித்த சாம்பலையோ மெல்லியதாகத் தூவி, வண்டியை அரைமணி நேரம் சுமையோடு ஓட்டி, சமதரையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் எண்ணெய் வந்த வழி தூளின் மேல் கோடிட்டதுபோல் தெரியும். ஈரமான இடங்களில் மிக உயர்ந்த இடம் எதுவோ, அதுவே ஒழுக்கின் பிறப்பிடம். பட்டறைகளில் எண்ணெயிற் சாயங் கலந்து, புற ஊதா விளக்கினாற் பார்க்கும் முறையும் உண்டு. அது நல்ல முறையே. ஆனால் ஒரு பிடி சாம்பல் செய்யும் வேலைக்குப் பணம் செலவழிப்பதற்குமுன் சாம்பலைத் தூவிப் பார்ப்பது நலம்.

இடம் எதுவாயினும், சீலில் கை வைக்குமுன் பிரீதர் என்னும் சுவாசத் துவாரத்தைப் பார்த்தே தீரவேண்டும். இது கியர் பெட்டியின் மேற்புறத்தில் ஒரு சிறு மூடியாகவோ வளைந்த குழாயாகவோ இருக்கும். சில வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே இத்துவாரம் அமைந்திருக்கும். இதன் வேலை சிறிதாயினும் காரியம் பெரிது. கியர் பெட்டியினுட் காற்று 30 பாகை உஷ்ணத்திலிருந்து 80 பாகைக்குச் சூடேறும்போது, தன் பருமனில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு விரிய முயல்கிறது. 40 லிட்டர் எண்ணெயும் அதே சூட்டில் ஒரு லிட்டருக்கு மேலாக விரியும். துவாரம் திறந்திருந்தால் மிகுதிக் காற்று அதன் வழியே போய்விடும். சேற்றுழவில் மண் அப்பி அது அடைபட்டிருந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் உதட்டையும் விலக்கிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். புதுச் சீல் போட்டாலும் இதே கதிதான். ஒரு போகத்துக்குள் ஒரே சீலை இரண்டு மூன்று முறை மாற்றியும் ஒழுக்கு நில்லாத வண்டிகளில் முதலிற் சந்தேகிக்க வேண்டியது இதனையே. பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவி, வாயால் ஊதினாற் காற்றுத் தடையின்றிப் போகிறதா என்று பார்த்து மாட்டுவதற்குக் கால்மணி நேரமும் ஆகாது. எண்ணெய் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டிருந்தாலும் இவ்வாறே ஒழுகும். சமதரையில், ஆறிய நிலையில், கையேட்டிற் சொன்னபடி அளந்து, மிகுதியை எடுத்துவிட வேண்டும். மேட்டில் ஒரு சக்கரமும் பள்ளத்தில் ஒரு சக்கரமுமாக நிற்கும் வண்டியில் அளந்த அளவு அளவாகாது.

இனி, ஒழுகும் இடங்களைப்பற்றித் தனித்தனியே கூறுவோம்.

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துவாரம் விடப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அதில் ஒரு பிளவுப் பின் தொங்கும். வண்டி அதிரும்போது பின் ஆடி, துவாரம் மண்ணால் அடைபடாமற் காக்கும். இவ்வழியாக எண்ணெய் சொட்டுமாயின் இரண்டிலொரு காரணம் உண்டு. சொட்டுவது கறுத்த எஞ்சின் எண்ணெயாயிருந்தால் கிராங்க் தண்டின் பின் சீலும், தேன் நிற எண்ணெயாயிருந்தால் கியர் பெட்டியின் முன் தண்டுச் சீலும் பழுதுபட்டிருக்க வேண்டும். சிலர் இத்துவாரத்தில் மரக்குச்சியையோ துணியையோ திணித்து, ஒழுக்கு நின்றுவிட்டதென்று திருப்தியடைகிறார்கள். இது புண்ணை மூடிக் கட்டுவது போன்ற காரியம். வெளியேற வழியின்றித் தேங்கிய எண்ணெய் கிளட்ச் தகட்டை நனைத்து வழுக்கச் செய்யும். மேட்டில் சுமை இழுக்கும்போது எஞ்சின் இரைய, வண்டி நகராது. இவ்விரண்டு சீல்களில் எதை மாற்றுவதானாலும் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், மேலே வால்வு மூடியிலிருந்தோ எண்ணெய் அழுத்தக் குழாயிலிருந்தோ வழிந்து வரவில்லையென்று நிச்சயம் செய்துகொண்டே அவ்வேலையைத் தொடங்க வேண்டும். பிரிக்குமுன் முன் ஆக்சிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அறைதல் அவசியம். முன் ஆக்சில் நடு அச்சில் ஆடும்படி அமைந்திருப்பதால், ஆப்பில்லாவிடின் எஞ்சின் பாதி பக்கவாட்டிற் சாய்ந்து ஆட்களை நசுக்கிவிடும். ஒருமுறை பிரித்தபின் இரண்டு சீல்களையும் மாற்றிவிடுவதும், கிளட்ச் தகட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுவதும் சிக்கனம். சீலின் விலையைப் பிரித்துச் சேர்க்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

பின் ஆக்சில் ஒழுக்கே எல்லாவற்றிலும் ஆபத்தானது. உலர்ந்த பிரேக் உள்ள பழைய வண்டிகளில், ஆக்சில் சீலைக் கடந்து வரும் எண்ணெய் தரையில் விழாமல் பிரேக் டிரம்மினுள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரத்தின் உட்புற வட்டில் எண்ணெயும் தூசியும் கலந்து தாரைதாரையாகத் தெறித்திருப்பதே ஓர் அடையாளம். மற்றோர் அடையாளம், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது. எண்ணெயில் நனைந்த பக்கம் பிடிக்காது. உலர்ந்த பக்கம் மாத்திரம் பிடிக்கும். கரும்பேற்றிய டிரெய்லருடன் கால்வாய்க் கரையில் இறங்கும் வண்டிக்கு இவ்வாறு நேருமானால் விளைவை எழுதவேண்டுவதில்லை. ஆகையால் ஒரு வண்டியில் இச்சந்தேகம் எழுந்தால், அன்றே அதைச் சாலை வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். வயலிலும் ஓட்டி, இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பது தகாது. எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியும், தீயிலே வாட்டியும் மறுபடி உபயோகிப்பவர்கள் உளர். மேற்பரப்பு உலர்ந்தாற்போல் இருந்து, பிரேக் சூடேறியவுடன் உள்ளிருந்த எண்ணெய் மீண்டும் வெளிவரும். லைனிங்கை மாற்றியே ஆகவேண்டும். இருபுறமும் ஒருங்கே மாற்றினால்தான் பிடிப்புச் சமமாகும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள புது வண்டிகளுக்கு இவ்வகைத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றிற்குத் தகாத எண்ணெயை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், வழுக்கும். கடைக்காரர் கொடுத்ததை வாங்காமல் கையேட்டிற் கண்ட எண்ணெயையே கேட்டு வாங்க வேண்டும்.

ஆக்சில் சீல் கெடுவதற்கு நம் நஞ்சை நிலங்களில் முக்கிய காரணம் சேறும் கயிறுமே. கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது சேறு ஆக்சிலின் கழுத்தை அப்பி, காய்ந்தபின் உப்புத்தாள் போலச் சீலின் உதட்டைத் தேய்க்கிறது. வைக்கோற் புரியும், உரச் சாக்கின் பிளாஸ்டிக் இழையும், நைலான் கயிறும் சுற்றிக்கொண்டு சீலையே அறுத்துவிடும். பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டிலும் இதே கதை. நாள் வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, இவ்விடங்களிற் சுற்றியிருப்பதைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடும் டிரைவர் தன் எஜமானருக்கு வருஷத்தில் எத்தனையோ சீல்களை மிச்சப்படுத்துகிறார்.

எண்ணெய் வெளியேறும் வழியாக நீரும் உள்ளே புகும். நாள் முழுவதும் உழுது சூடேறிய கூடு தண்ணீரில் இறங்கியவுடன் குளிர்கிறது. உள்ளே விரிந்திருந்த காற்றுச் சுருங்குகிறது. சுருங்கும் காற்று, தேய்ந்த சீலின் வழியாகவும் கிழிந்த கியர் கோல் உறையின் வழியாகவும் வெளியிலுள்ள சேற்று நீரை உறிஞ்சுகிறது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென்று அறிக. வெளுக்குமுன்பே அறிவதற்கும் வழியுண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குமுன் டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தினால், அடியிற் படிந்த நீரே முதலில் வரும். அல்லது, சுட்ட இரும்புத் தகட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டால், நீர் கலந்தது சடசடவென்று பொரியும். நல்லது ஓசையின்றிப் புகையும். நீர் கலந்த எண்ணெயை வைத்துக்கொண்டு ஓட்டுவது பேரிங்குகளைத் துருவுக்கு இரையாக்குவதே. அதை முற்றிலும் வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புதிது ஊற்ற வேண்டும். புகுந்த வழியை அடைக்காமல் புது எண்ணெய் ஊற்றுவது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதாகும்.

இப்பொழுது சீலை மாற்றும் வேலை. வெளிக்கு வெறும் ரப்பர் வளையமாய்த் தோன்றும் இது ஒரு நுட்பமான பொருள். முற்காலத்தில் தோலினாற் செய்யப்பட்டது. ஆஸ்திரியப் பொறியாளர் வால்டர் சிம்மர் 1929 இல் வகுத்த சீலை, ஜெர்மனியில் தோல் பதனிடும் நிறுவனமான பிராய்டென்பெர்க் 1930 களில் செய்து விற்றது; பிறகு செயற்கை ரப்பருக்கு மாறிற்று. கவலைச் சாலின் தோல் காய்ந்தால் வெடிப்பதும், ஊறினால் படிவதும் அறிந்த நம் குடியானவர்களுக்குத் தோற்சீலின் குணத்தை விளக்கவேண்டியதில்லை. இன்றைய சீலில் ஒரு மெல்லிய உதடு தண்டைத் தழுவ, அவ்வுதட்டைச் சுருள் கம்பி ஒன்று அணைத்துப் பிடித்திருக்கும். சுருள் கம்பியுள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் போட்ட சீல் முதல் நாளே ஒழுகும். உட்புறம், வெளிப்புறம், அகலம் ஆகிய மூன்று அளவுகள் பெரும்பாலும் அதன் முகத்திலேயே மில்லிமீட்டரிற் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சீலைக் கையோடு கொண்டுபோய் இவ்வெண்களை ஒத்துப்பார்த்து வாங்குதல் உத்தமம்.

பழைய சீலைக் கழற்றுமுன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுதியாயிருந்தால் பேரிங்கே குற்றவாளி. ஆடுகிற தண்டை எந்தச் சீலும் தழுவி நிற்காது. ஜாக்கி வைப்பதற்குக் கெட்டியான சமதரை வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கலப்பையைத் தரையில் இறக்கி, தூக்கிய ஆக்சிலின் கீழ் பலத்த தாங்கிகளை வைத்த பின்பே கீழே கை நீட்டலாம். ஜாக்கியை மாத்திரம் நம்பி டிராக்டரின் கீழே படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். டயரில் நீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தின் கனம் இரண்டு மூன்று ஆட்கள் தாங்கக்கூடியதன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

சீல் வெளிவந்தபின் தண்டில் உதடு பட்ட இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலை அதே இடத்தில் அமர்த்துவது வீண். கூட்டில் இடமிருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, உதடு புது இடத்திற் படும்படி அமர்த்தலாம். இல்லையேல் தண்டின்மேல் மெல்லிய உலோக உறை ஏற்றவேண்டும். தண்டில் கீ பள்ளமோ பல்வரிகளோ இருந்தால் அவற்றின் மேல் வழவழப்பான காகிதத்தைச் சுற்றிக்கொண்டு சீலை நகர்த்த வேண்டும். கூரிய ஓரம் பட்டு உதடு கீறினால் செய்த வேலை பாழ். உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்கு ஒத்த குழாயொன்றை அதன் முகத்தில் வைத்து, சுற்றிலும் சமமாக இறங்கும்படி மெல்ல அடிக்க வேண்டும். சுத்தியலால் ஒரு விளிம்பில் அடித்து, பிறகு எதிர் விளிம்பில் அடித்து இறக்கும் வழக்கம் பட்டறைகளில் சாதாரணம். கோணலாய் அமர்ந்த சீலுக்கும் சீலே இல்லாததற்கும் அதிக வித்தியாசமில்லை.

இரண்டு கூடுகள் சேரும் மூட்டில் கசிந்தால் முதலில் போல்ட்டுகளைக் கையேட்டிற் கண்ட அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிப் பார்க்கலாம். அதிலும் நில்லாவிடின் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். நாட்காட்டி அட்டையை வெட்டி வைப்பது எல்லா இடத்துக்கும் உதவாது. பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடிகளில் கேஸ்கெட்டின் கனம் மாறினால் பேரிங்கின் இறுக்கமும் மாறிவிடும். பசையை அள்ளிப் பூசுவதும் தவறு. உட்புறம் பிதுங்கிய பசை துணுக்குகளாய் உதிர்ந்து ஹைட்ராலிக் பம்பின் வடிகட்டியை அடைக்கும். டிரெயின் பிளக் ஒழுகினால் அதன் செப்பு வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் போதும். மேலும் மேலும் இறுக்கினால் மறைதான் அறும். வார்ப்பிரும்புக் கூட்டிலேயே வெடிப்புக் கண்டால், சாலையோர வெல்டிங்கை நாடலாகாது. தக்கபடி சூடேற்றாமல் ஒட்டிய வார்ப்பிரும்பு, ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே மீண்டும் வெடிக்கும். டீசல் தொட்டிக் கீறலில் சோப்பை அழுத்தி வீடு வந்து சேரும் யுக்தி நம்மவர்க்குத் தெரிந்ததே. சூடேறும் கியர் கூட்டில் அது அரை மைல் கூட நில்லாது.

ஹைட்ராலிக் குழாய்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். எஞ்சின் ஓடும்போது இவற்றினுள் எண்ணெய் 150 பார் அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கலாம். ஊசித் துளை போன்ற ஓட்டையிலிருந்து புகைபோலச் சீறும் எண்ணெயை விரலால் தடவித் தேடினால் அது தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். காயம் கொசுக்கடி போலத் தோன்றும். வலியும் முதலில் இராது. ஆனால் சில மணி நேரத்தில் விரல் அழுகத் தொடங்கலாம். இவ்வாறு நேர்ந்தவரை உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, எண்ணெய் உள்ளே பாய்ந்ததென்பதை வைத்தியரிடம் விளங்கச் சொல்லவேண்டும். ஓட்டையைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தாற் போதும்.

தானியங்கிக் கியர் பெட்டியுள்ள கார் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களுக்கு ஒரு வார்த்தை. அதிலும் அடித்தட்டின் கேஸ்கெட், ரேடியேட்டருக்குச் செல்லும் குளிர்விப்புக் குழாய்களின் மூட்டுகள், தண்டுச் சீல்கள் ஆகியவற்றையே முதலில் நோக்க வேண்டும். அளவு பார்க்கும் முறை மாத்திரம் வேறு. டிப் ஸ்டிக் உள்ள பெரும்பாலான கார்களில் திரவம் சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். தற்காலக் கார்கள் பலவற்றில் டிப் ஸ்டிக்கே இல்லாமையால் பட்டறைக்கே போகவேண்டியிருக்கும். திரவம் இளஞ்சிவப்புப் பால்போல் தோன்றினால் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகி, நீர் கலந்திருக்கக் கூடும். அக்காரை அதற்குமேல் ஓட்டலாகாது.

கிராம அதிகாரிகளும், வாடகைக்கு விடும் டிராக்டர்களைக் கண்காணிக்கும் கூட்டுறவுச் சங்கத்தாரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பலர் கைமாறி ஓட்டும் வண்டியில், எண்ணெய் குறைந்ததை ஒருவரும் தன் பொறுப்பாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு முறை எண்ணெய் சேர்த்தபோதும் தேதி, மணிக்கணக்குக் கருவியின் எண், சேர்த்த எண்ணெயின் வகை, அளவு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், ஒழுக்கு எந்த வேலையின்போது தொடங்கிற்று என்பதை அந்த நோட்டே காட்டிவிடும். சேறடிப்புக்குப் பின் குறைந்ததா, சாலைச் சுமைக்குப் பின் குறைந்ததா என்பது தெரிந்தால் மெக்கானிக்கின் வேலையிற் பாதி முடிந்தது. புது வண்டி வாங்கும் சங்கங்கள், மத்தியப் பிரதேசத்தில் பூத்னியிலுள்ள மத்திய அரசின் சோதனை நிலையத்து அறிக்கையைக் கேட்டுப் படித்தல் நன்று. சேற்றுழவில் ஓட்டிய பின் அடைப்புகளைக் கடந்து சேறோ நீரோ உள்ளே புகுந்ததா என்பதையும் அத்தகைய அறிக்கைகளிற் குறிக்கிறார்கள். நஞ்சைப் பகுதிக்கு வண்டி வாங்குவோர் குதிரைச் சக்தியை மாத்திரம் விசாரித்துவிட்டு இதை விசாரியாமல் விடுகிறார்கள்.

வேலை முடிந்து புது எண்ணெய் ஊற்றியபின், முதற் பத்து மணி ஓட்டத்துக்குள் மறுபடி ஒருமுறை சாம்பலைத் தூவிப் பார்த்து, போல்ட்டுகளையும் சோதிக்க வேண்டும். புதுச் சீல் ஆரம்பத்தில் உதட்டோரம் சற்று ஈரம் காட்டுவது குற்றமன்று. துளியாய்த் திரண்டால்தான் குற்றம். சாலையில் இறங்குமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் தனித்தனியே வயலில் மெல்ல ஓட்டிச் சோதித்து, பிறகு இரண்டையும் பிணைத்துக் கொக்கியை மாட்டிக்கொள்க. வடித்த பழைய எண்ணெய் 2016 ஆம் வருஷத்து அபாயகரமான கழிவுகள் விதிகளுக்கு உட்பட்டது. அதை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ கொட்டாமலும், அடுப்பெரிக்கக் கொடாமலும், மூடியுள்ள தகரத்தில் நீர் கலவாமல் சேர்த்துவைத்து, அனுமதி பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்தல் வேண்டும். கழுவிய மண்ணெண்ணெயும் அதே தகரத்திற்குரியது. ஏரியிலும் ஊருணியிலும் டிராக்டரை இறக்கிக் கழுவுவதைக் கிராம அதிகாரிகள் தடுத்தல் அவசியம்.